விருந்தாளி கேட்ட கேள்வி



ஜப்பான் என்றதும் டோக்கியோ நகரின் வானளாவிய கட்டடங்களும் அம்பெனப் பாயும் இரயில் வண்டிகளும் நம் கண்முன் நிற்கும். பழமையைக் காண விரும்புவோர் கியோட்டோவுக்குச் சென்று திரும்பிவிடுவர். அந்தக் கியோட்டோ தலைநகராவதற்கு முன்பே தலைநகராக விளங்கிய ஊர் ஒன்று அதன் தெற்கே முக்கால் மணி நேர இரயில் தொலைவில் இருக்கிறது. நாரா என்பது அதன் பெயர். கி.பி. 710 முதல் 784 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஜப்பானியப் பேரரசு அங்கிருந்தே ஆளப்பட்டது. சீனத்தின் சாங்கான் மாநகரை முன்மாதிரியாகக் கொண்டு, சதுரங்கக் கட்டங்களைப் போல் வீதிகளை வகுத்து அதனை அமைத்தார்கள். அங்குள்ள எட்டுத் தலங்களை 1998-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது.

இம்மாதம் அந்நகரை ஒருநாள் முழுதும் சுற்றிப் பார்ப்போம். தனியே வேண்டாம். அவ்வூரிலேயே வாழும் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்வோம். புத்தகம் சொல்லும் செய்தியைத் தனியே போனாலும் படித்துக்கொள்ளலாம். புத்தகத்திடம் கேட்க முடியாத கேள்வியை மனிதரிடம் கேட்கலாம். அப்படி வெளியூர்க்காரர்கள் கேட்ட ஒரு கேள்வி நாராவின் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. அதனைக் கடைசியில் சொல்கிறேன்.

வழிகாட்டியை அமர்த்தும் முறை

அயல்நாட்டாருக்கு மொழிபெயர்த்து ஊர் காட்டுவதற்கென 1949-இலேயே ஜப்பானில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அரசுத் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே கூலி வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. 2018-இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. இப்போது உரிமம் இல்லாதவரும் கூலிக்கு வழிகாட்டலாம். ஆனால் உரிமம் பெற்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இவர்களைத் தவிர, கூலியே பெறாத தொண்டர்களும் உண்டு. பணி ஓய்வு பெற்ற முதியவர்கள், இல்லத்தரசிகள், ஆங்கிலம் பயிலும் கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் இத்தொண்டில் ஈடுபடுகிறார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களது பயணச் செலவு, நுழைவுக் கட்டணம், பகலுணவு ஆகியவற்றை நாம் ஏற்றுக்கொள்வது வழக்கம். கையில் பணத்தைத் திணித்தால் கூச்சப்படுவார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன சிறு அன்பளிப்பை இரு கைகளாலும் நீட்டினால் மகிழ்ந்து பெற்றுக்கொள்வார்கள். ஒன்பது மணி என்று சொல்லியிருந்தால் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே நின்றிருங்கள். காலந்தவறுதல் அங்கே பெரும் அவமதிப்பு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாம் முஸ்லிம்கள், இன்னின்னவை உண்பதில்லை, இன்ன வேளையில் சற்று ஒதுங்கித் தொழவேண்டும் என்பதைக் கடிதத்திலேயே தெரிவித்துவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னதைச் சுமையாக அவர்கள் கருதமாட்டார்கள். சொல்லாமல் இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் தட்டைத் தள்ளிவைத்தால்தான் மனம் வருந்துவார்கள்.

மான்கள் உலவும் வீதி

இரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தாலே மான்கள் எதிர்ப்படும். வேலியும் கூண்டும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் பூங்காவிலும் வீதியோரத்திலும் தம் விருப்பம்போல் உலவுகின்றன. கசுகா ஆலயத்தின் தெய்வம் வெள்ளை மான்மீது வந்தது என்பது அவ்வூராரின் பழைய நம்பிக்கை. அதனால் அவற்றை யாரும் வேட்டையாடுவதில்லை. 1957-இல் அரசு அவற்றைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. அந்த ஆலயத்திற்குப் பின்னால் உள்ள மலைக்காட்டில் 841-ஆம் ஆண்டிலேயே மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதிக்கப்பட்டது. கோடரி படாத அக்காட்டை இன்றும் காணலாம்.

மான்களுக்கென அரிசித் தவிடும் கோதுமை மாவும் கலந்து சுட்ட அப்பளம் போன்ற தின்பண்டம் ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்கிய கணமே மான்கள் சூழ்ந்துகொண்டு தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி வணங்கும். குழந்தைகள் குதூகலிப்பார்கள். வழிகாட்டி உடனே ஒரு செய்தி சொல்வார்: கொடுப்பதைத் தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள், காட்டிக் காட்டி ஏய்க்காதீர்கள், ஏய்த்தால் முட்டிவிடும். தீர்ந்துவிட்டால் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள்.

2019-இல் இங்கே இறந்துகிடந்த 14 மான்களில் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் இருந்தன. ஒரு மானின் வயிற்றில் மட்டும் நான்கு கிலோவுக்கு மேல்! பார்க்க வந்தவர்கள் அலட்சியமாக விட்டுச்சென்றவை அவை. உணவின் வாசனை பட்ட பையை உணவென்றே எண்ணி விழுங்கியிருக்கின்றன அந்த வாயில்லா ஜீவன்கள். பூங்காவில் குப்பைத் தொட்டிகளைத் தேடாதீர்கள், காண்பது அரிது. நம் குப்பையை நாமே தங்கும் விடுதி வரை சுமந்து செல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இதனை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

தென்னாட்டிலிருந்து வந்தவர்

மான்களைக் கடந்து வடக்கே திரும்பினால் டோடாய்ஜி என்னும் பௌத்தப் பெருமடம். ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் சிலை அங்கே இருக்கிறது. 735 முதல் 737 வரை பரவிய பெரியம்மை ஜப்பானியரைக் கொள்ளை கொள்ளையாக வாரிச்சென்றது. மனம் உடைந்த பேரரசர் ஷோமு 743-இல் இச்சிலையை வடிக்க ஆணையிட்டார். 752-இல் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தது. அந்தத் தூரிகையைப் பிடித்தவர் யார் தெரியுமா? நம் நாட்டிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி. 736-இல் கப்பலேறி வந்தவர். அவரை நினைவுகூரும் பழைய கல்வெட்டு வாசகம் அவரைத் தென்னிந்தியர் என்றே குறிப்பிடுகிறது. தூரிகையில் நீண்ட நீலப் பட்டுக் கயிறு கட்டப்பட்டிருந்தது. கூடியிருந்தோர் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு தாமும் அச்செயலில் பங்குபெற்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன.

மண்டபம் 1180-இலும் 1567-இலும் போர்களில் எரிந்தது. இன்று நாம் காண்பது 1709-இல் எழுப்பியது. முன்பிருந்த அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அதுவே 57 மீட்டர்!

பிற சமயத்தார் வழிபடும் இடத்திற்குள் செல்லும்போது நம்மில் சிலருக்குத் தயக்கம் எழுவது இயல்பு. வழிகாட்டி தம் வழக்கப்படி கைகூப்புவார், ஊதுவத்தி ஏற்றுவார். நாம் ஓரமாக அமைதியுடன் நின்றால் போதும். வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி யாரும் வற்புறுத்தமாட்டார்கள். எங்கள் வணக்கம் இறைவனுக்கு மட்டுமே, உங்கள் கட்டடக் கலையையும் வரலாற்றையும் அறிய வந்தோம் என்று பணிவாகச் சொன்னால் முகங்கோணாமல் புரிந்துகொள்வார்கள். தயக்கத்தை மறைத்து முகத்தைச் சுளிப்பதைவிட வாய்திறந்து சொல்லிவிடுவதே மேலான பண்பு.

பூட்டிய பேழை

அம்மடத்தின் வடமேற்கே ஷோசோயின் என்னும் கருவூலம் இருக்கிறது. முக்கோண வெட்டுள்ள மரக்கட்டைகளை அடுக்கி, ஆள் உயரத்துக்கும் மேலான தூண்கள்மீது தூக்கிக் கட்டிய நீண்ட மாளிகை. 756-இல் கணவரை இழந்த பேரரசி கோம்யோ, அவர் புழங்கிய பொருள்கள் கண்ணில் படும்போதெல்லாம் துயரம் பெருகுகிறதென்று, அறுநூறுக்கு மேற்பட்ட பொருள்களை மடத்துக்குக் காணிக்கையாக்கினார். பின்னர் வந்தவற்றையும் சேர்த்தால் இன்று ஏறத்தாழ ஒன்பதாயிரம். பேரரசரின் முத்திரையிட்டுப் பூட்டி, அவரது ஆணையின்றித் திறக்கலாகாது என்று வைத்திருந்தார்கள். இப்போது பொருள்கள் அருகிலுள்ள புதிய காப்பகங்களில் இருக்கின்றன. பழைய மாளிகையை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மட்டும், தேர்ந்தெடுத்த சில பொருள்களை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் மக்களுக்குக் காட்டுகிறார்கள். அவ்வழக்கம் 1946-இல் தொடங்கியது.

உள்ளே என்ன இருக்கிறது? பாரசீகத்தின் சாசானியர் காலத்தில் வட்ட வட்டமாகச் செதுக்கிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. இதேபோன்ற கிண்ணங்கள் ஈரானிய மண்ணிலிருந்தும் கிடைத்தன. புதைந்து கிடந்ததால் அவை மங்கிப்போயின. மண்ணையே காணாத நாராக் கிண்ணமோ இன்றும் பளிங்குபோல் மின்னுகிறது. ஐந்து நரம்புகளுள்ள இசைக்கருவி ஒன்றும் உண்டு. இவ்வகைக் கருவி தோன்றியது இந்தியாவில் என்கிறார்கள். அக்காலத்துக் கருவிகளில் உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து இசை மீட்டும் மனிதனின் உருவத்தைச் சிப்பி இழைத்து அதில் பதித்திருக்கிறார்கள். ஒட்டகமே இல்லாத தீவு நாட்டில் ஒட்டகம்!

நம் பெண்மணிகள் கேட்டால் வியக்கும் பொருள் ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டு விசேஷங்களில் கனலிலிட்டுப் புகைக்கும் ஊதுக்கட்டை, அதாவது அகில், அங்கே ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான நீளத்தில், பதினொரு கிலோவுக்கு மேற்பட்ட எடையில் ஒரே கட்டையாக இருக்கிறது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் விளைந்தது. 1574-இல் படைத்தலைவர் ஓடா நொபுநாகாவும் 1877-இல் பேரரசர் மெய்ஜியும் அதிலிருந்து சிறு துண்டு வெட்டிக்கொண்டார்கள். யார் வெட்டியது என்று எழுதிய சீட்டு வெட்டிய இடத்திலேயே ஒட்டியிருக்கிறது. நாட்டையே கைப்பற்றியவர்கூட ஒரு துண்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது!

பொருள்கள் மட்டுமா வந்தன? மனிதர்களும் வந்தார்கள். போதிசேனர் வந்த அதே 736-இல் பாரசீகர் ஒருவரும் வந்ததாக அரசவை வரலாற்று நூல் கூறுகிறது. 1966-இல் அரண்மனைத் தளத்தில் தோண்டியெடுத்த ஒரு மரப்பலகையில் எழுத்து மங்கியிருந்தது. அதனை அகச்சிவப்புக் கதிர் கொண்டு படித்த செய்தி 2016-இல் வெளியாயிற்று. அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்விச்சாலையில் 765-இல் பணியாற்றிய ஒருவரின் பெயர் அதில் இருக்கிறது. பெயரின் முற்பகுதி ‘பாரசீகம்’ என்று பொருள்படும் சொல். அயல்நாட்டுக்காரர் என்று ஒதுக்காமல் அரசுப் பணியே தந்திருக்கிறார்கள்.

உணவும் தொழுகையும்

நடந்து களைத்தபின் பசிக்கும். இங்கேதான் வழிகாட்டி பெரிதும் தேவைப்படுவார். நாராவின் பெயரையே தாங்கிய ‘நாராசுக்கே’ என்னும் ஊறுகாய் புகழ்பெற்றது. வெள்ளரி, பூசணி வகைக் காய்கள் பழுப்பு நிறத்தில் பளபளக்கும். காய்தானே என்று எடுத்துவிடாதீர்கள். அரிசி மது வடித்த சக்கையில் மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் ஊறியது அது. குழம்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் ‘மிரின்’ என்பதும் மது வகையே. சோயாச் சாறு சிலவற்றிலும் சாராயம் சேர்ப்பதுண்டு. பன்றி இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டதனால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடாது. மதுவும் கூடாது என்பதை வழிகாட்டி அவர் மொழியில் விளக்கிக் கேட்க வேண்டும்.

நாராவுக்கே உரிய இன்னோர் உணவு உண்டு. புளிக்காடியிட்ட சோற்றின்மீது உப்பிட்ட மீன் துண்டை வைத்து, சீமைப் பனிச்சை இலையில் பொதிந்து அழுத்தியது. கடலில்லாத மலைநாட்டுக்குக் கடல்மீன் கெடாமல் வந்துசேர மக்கள் கண்ட வழி. அதிலும் சோற்றில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டபின் உண்பதே நலம்.

அங்கே கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்த திசை. பிரயாணிக்குரிய கஸ்ருச் சலுகை நமக்குண்டு. பூங்காவின் ஒதுக்குப்புறத்தில் விரிப்பை விரித்துக்கொள்ளலாம். ஜும்ஆவைப் பெரிய பள்ளிவாசலில் தொழ விரும்பினால் கோபே நகருக்குச் செல்லலாம். 2009 முதல் நாராவிலிருந்து வண்டி மாறாமலேயே செல்ல முடிகிறது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அங்கே 1935-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள். 1945-இல் குண்டுமழையில் சுற்றுப்புறம் சாம்பலானபோதும், 1995-இல் பெரும் நிலநடுக்கத்தில் நகரம் குலைந்தபோதும் அது நிலைத்து நின்றது, அல்ஹம்துலில்லாஹ்!

தோட்டக்காரரின் வெட்கம்

பொழுது சாயும் முன் வழிகாட்டி உங்களை நகரின் மேற்கே அழைத்துச் செல்வார். பரந்த புல்வெளி. நடுவே இரயில் பாதை குறுக்கிடுகிறது. செந்நிறத் தூண்களோடு ஒரு வாயில், தொலைவில் ஒரு மாளிகை. இரண்டும் நம் காலத்தில் திருப்பிக் கட்டியவை. வாயில் 1998-இல், மாளிகை தலைநகர் அமைந்து 1300 ஆண்டுகள் நிறைந்த 2010-இல். இதுதான் பழைய ஹெய்ஜோ அரண்மனை இருந்த இடம்.

784-இல் தலைநகர் இடம்பெயர்ந்ததும் அரண்மனை பாழ்பட்டது. காலப்போக்கில் அந்நிலம் வயலாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அங்கே உழுதவர்களில் பெரும்பாலோர், தாம் உழுவது பேரரசர்களின் சபாமண்டபத்தை என்று அறிந்திருக்கவில்லை.

இனி, முதலில் சொன்ன அந்தக் கேள்விக்கு வருவோம். டானாடா கஜூரோ என்பவர் 1860-இல் பிறந்தவர். நாராப் பூங்காவில் மரஞ்செடிகளைப் பராமரித்த எளிய தோட்டக்காரர். ஊர் பார்க்க வந்தவர்கள் அவரிடம் அடிக்கடி கேட்டார்கள்: “பழைய அரண்மனை எங்கே இருந்தது?” அவரால் விடை சொல்ல இயலவில்லை. பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் கேட்கும்போது வாயடைத்து நிற்கிறோமே என்ற வெட்கம் அவரைத் தைத்தது. தேடிச் சென்றார். வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டைக் காட்டினார்கள். சபாமண்டபம் நின்ற அந்த மேட்டில் மாட்டுச் சாணம் குவிந்து கிடந்தது. அதைக் கண்டு அவர் உள்ளம் துடித்தது.

அன்றுமுதல் அவருக்கு வேறு கவலை இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டார். வழியறிந்து வர வழிக்கற்களை நட்டார். அறிஞர்கள், அதிகாரிகள், செல்வர்கள் வாசல்தோறும் ஏறியிறங்கினார். உள்ளூர்க்காரர் மிசோபே புன்ஷிரோவும் துணைநின்றார். 1921-இல் டானாடா காலமானார். மறு ஆண்டே, 1922-இல், அரசு அந்த இடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்துக் காத்தது. அதைக் காண அவர் இல்லை. இன்று செந்நிற வாயிலின் முன் அவரது சிலை நிற்கிறது. அந்த நிலம் காக்கப்பட்டதனால்தான் பின்னாளில் அதைத் தோண்ட முடிந்தது. தோண்டியதனால்தான் அந்தப் பாரசீகரின் பெயர் பொறித்த மரப்பலகையும் கிடைத்தது.

விருந்தாளிகளின் கேள்வியும் அதற்கு விடை தெரியாத ஓர் உழைப்பாளியின் வெட்கமும் சேர்ந்து ஒரு தலைநகரையே மண்ணுக்குள்ளிருந்து மீட்டன. ஆகவே வாசகர்களே, பயணம் போகும்போது வழிகாட்டியின் பின்னால் ஊமையாக நடக்காதீர்கள். படம் எடுப்பதிலேயே பொழுதைக் கழிக்காதீர்கள். இதைக் காத்தவர் யார், இது எப்படித் தப்பியது, இப்போது இதைப் பராமரிப்பவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் கேட்பது அவருக்குப் பாரமாக இராது. தம் ஊரை ஒருவர் மதிக்கிறார் என்ற நிறைவையே தரும்.

நம் ஊருக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள். இந்தப் பள்ளிவாசல் எப்போது கட்டியது, அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்கும்போது நாம் என்ன சொல்லப்போகிறோம்? ஊரின் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம்.